கல் வேறு, வாயு வேறு

சித்திரை பிறந்து மாம்பழம் கடைக்கு வந்தவுடன், விருதுநகரிலும் சிவகாசியிலும் பழக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "அண்ணாச்சி, இது கல் வச்சுப் பழுக்க வச்சதா?" பதிலும் அநேகமாக ஒன்றுதான். "இல்லம்மா, மரத்துலயே பழுத்தது." கேட்பவரின் கவலை நியாயமானது. ஆனால் மரத்திலேயே பழுத்த மாம்பழம் கடை வரை வந்து சேர்வது அபூர்வம். பழுத்தபின் பறித்தால் கூடையில் அடுக்கி, லாரியில் ஏற்றி, இறக்கி வைப்பதற்குள் நசுங்கிவிடும். அதற்காக, மரத்தில் பழுக்காத பழமெல்லாம் கல் வைத்த பழம் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அதைத்தான் இப்போது, கையில் டீயோடு, நாம் நிதானமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். பார்த்து முடிக்கும்போது, பழ வியாபாரத்தில் பொறுப்பு என்பது யார் கையில் இருக்கிறது, எங்கே நழுவுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கரிசல், வெயில், தீப்பெட்டி, பட்டாசு என்றுதான் வெளியூரில் பெயர். ஆனால் மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வரை மாந்தோப்புகள் பச்சை கட்டி நிற்கும். ராஜபாளையம் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் ருசித்தவர்கள் வேறு ஊர் மாம்பழத்தை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இது எங்கோ நடக்கும் கதை இல்லை. நம் தோப்பில் தொடங்கி நம் மண்டி வழியாக நம் வீட்டுக்கு வரும் கதை.

முதலில் மாங்காய் எப்படிப் பழமாகிறது என்று பார்ப்போம். ‘முற்றுவது’ ஒன்று, ‘பழுப்பது’ இன்னொன்று. முற்றுவது மரத்தில் மட்டுமே நடக்கும். காம்பு வழியாக மரம் கொடுக்கும் சத்து மாவுப்பொருளாகக் காயில் சேர்ந்து, கொட்டை கெட்டிப்பட்டு, காம்பைச் சுற்றித் தோள் எழும்பி நிற்கும் நிலை அது. அந்த நிலையை எட்டிய காயைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். பழுப்பது அடுத்த கட்டம். அதற்கு மரம் தேவையில்லை. சேர்த்து வைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, புளிப்பைக் குறைத்து, சதையை மென்மையாக்கி, மணம் ஊட்டும் வேலையைப் பறித்த காய் தானாகவே செய்துகொள்ளும். ஆனால் முற்றாத காய்க்கு அப்படி மாற்றுவதற்கு உள்ளே கையிருப்பு போதாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் குழப்பம் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

காய்க்குப் ‘பழு’ என்று சொல்வது யார்? எத்திலீன் என்ற ஒரு வாயு. தொழிற்சாலையில் பிறந்த பொருளாக அதை நினைக்க வேண்டாம். செடிகள் தம் உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோன் அது. முற்றிய காய் சிறிதளவு எத்திலீனை வெளியிடத் தொடங்கும். அந்த வாயு பட்டவுடன் அதே காய் இன்னும் அதிகமாக வெளியிடும். பக்கத்துக் காயும் வெளியிடும். கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் வரிசையாக எல்லோரும் விடுகிறார்களே, ஏறக்குறைய அப்படித்தான் ஒரு பழத்திடமிருந்து மற்றொன்றுக்குப் பழுப்பு தொற்றிக்கொள்கிறது. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்தும் வைக்கோலில் மூடியும் வைத்த நம் பாட்டிகள் செய்ததும் இதையே. வாயு வெளியே ஓடிவிடாமல் காயைச் சுற்றியே தங்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகை மூட்டம் போடுவதும் இதே வழிதான். புகையில் எத்திலீன் உண்டு. புகை பட்டுப் பழுக்கிறது என்று கண்டவர்களுக்கு வாயுவின் பெயர் மட்டும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெயர் தெரிய விஞ்ஞானிகளுக்கும் காலம் பிடித்தது. 1901ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்ஜுபோவ் என்ற இளம் ஆய்வாளர், கேஸ் விளக்கு எரிந்த ஆய்வுக்கூடத்தில் மட்டும் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதைக் கவனித்து, விளக்குக்குப் போகும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை மஞ்சளாக்க அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பை எரிப்பார்கள். சூட்டினால்தான் நிறம் மாறுகிறது என்றே அவர்களும் நெடுநாள் நம்பியிருந்தார்கள். மாற்றியது அடுப்பிலிருந்து வந்த எத்திலீன் என்பது 1924இல் நிறுவப்பட்டது. பழமே எத்திலீனைத் தயாரிக்கிறது என்பதை 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் உறுதிப்படுத்தினார்.

எல்லாப் பழமும் இப்படிப் பறித்தபின் பழுக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி ஆகியவை பழுக்கும். திராட்சை, மாதுளை, எலுமிச்சை, சாத்துக்குடி, தர்பூசணி ஆகியவை பறித்தபோது இருந்த இனிப்போடு சரி. கலிபோர்னியா எலுமிச்சைக்குத் தோல் மஞ்சளானதே தவிர உள்ளே எதுவும் பழுக்கவில்லை.

இனி கல்லுக்கு வருவோம். கல் என்று நாம் சொல்லும் கால்சியம் கார்பைடு என்பது சுண்ணாம்பையும் கரியையும் மின்உலையில் கடுஞ்சூட்டில் சேர்த்துச் செய்யும் சாம்பல்நிறக் கட்டி. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும், மிச்சம் சுண்ணாம்பாகும், சூடும் கிளம்பும். கேஸ் வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குப் பழகிய பொருள் அது. ஒரு காலத்தில் சைக்கிளிலும் சுரங்கத்திலும் எரிந்த கார்பைடு விளக்கும் இந்த வாயுவில் எரிந்ததுதான். அசிட்டிலீன், எத்திலீனுக்குக் கிட்டத்தட்டப் பங்காளி மாதிரி உருவம் கொண்டது. அதனால் காய் ஏமாறும். எத்திலீன் வந்துவிட்டது என்று நினைத்துப் பழுக்கத் தொடங்கும். ஆனால் ஏமாற்றுவதற்கு எத்திலீனைவிடப் பல மடங்கு அதிகமான அசிட்டிலீன் வேண்டும். காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கூடைக்கு நடுவில் செருகினால், காயிலிருந்து கசியும் ஈரமே அதைக் கிளப்பிவிடும். ஓரிரு நாளில் தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே சதை வெளுத்து, புளித்து, மணமில்லாமல் இருக்கும்.

ருசி போவது இருக்கட்டும். பட்டறைக்கென்று தயாராகும் கார்பைடு சுத்தமான பொருள் இல்லை. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் சிறிதளவு கலந்திருக்கும்; ஈரம் படும்போது அவை ஆர்சீன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களாக வெளியேறும். கார்பைடு பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் பூண்டு போன்ற வாடை இந்தக் கலப்படத்தால் வருவது. தலைசுற்றல், அடிக்கடி தாகம், எரிச்சல், விழுங்கச் சிரமம், வாந்தி, தோல்புண் என்று இதன் தொல்லைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது. பழம் தின்பவரைப் பற்றி மட்டும் நாம் பேசுகிறோம். வேர்த்த கையோடு நாள் முழுக்கப் பொட்டலம் கட்டுபவரை யாரும் கேட்பதில்லை. அவர் கையில் சுண்ணாம்பும் சூடும் சேர்ந்து பட்டுப் புண்ணாகும். காற்றோட்டமில்லாத கிட்டங்கியில் அந்த வாயுவை முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். என்னைக் கேட்டால், கார்பைடுக்கு எதிரான முதல் காரணம் அவருடைய கையும் நுரையீரலும்.

கார்பைடால் பழுக்க வைத்த பழத்தை விற்கவே கூடாது என்பது சட்டம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. அதற்கு முன்பிருந்த உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலும் இந்தத் தடை இருந்தது. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. கார்பைடைச் சேமிக்கவும் கொண்டுபோகவும் 1987ஆம் ஆண்டின் கால்சியம் கார்பைடு விதிகள் இருக்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்துவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தருகிற, சிவகாசியில் அலுவலகம் வைத்திருக்கிற அதே துறைதான். வெடிமருந்தைக் கண்காணிக்கும் துறையின் பொறுப்பில் இருக்கும் ஒரு பொருள், குழந்தை கடிக்கும் பழத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 2025 தீபாவளியின்போது போபாலிலும் மத்தியப் பிரதேசத்தின் வேறு ஊர்களிலும், பிளாஸ்டிக் குழாயில் கார்பைடையும் தண்ணீரையும் போட்டு வெடிக்கும் ‘கார்பைடு கன்’ என்ற விளையாட்டுப் பொருளால் ஏராளமான சிறுவர்கள் கண்ணில் காயம்பட்டார்கள். அந்தக் குழாயில் வெடித்ததும் அசிட்டிலீன்தான்.

இப்போது மூன்றாவது வழியைப் பார்ப்போம். இதை எல்லோரும் கல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வியாபாரிகள் பேச்சில் அதற்கு ‘சேம்பர்’ என்று பெயர். காற்றுப் புகாத, குளிரூட்டிய ஓர் அறை. முற்றிய காயைக் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கி உள்ளே வைப்பார்கள். மாங்காய்க்கு வெப்பம் ஏறத்தாழ 20 முதல் 22 டிகிரி செல்சியஸ். காய் சுருங்காமலிருக்க ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். பிறகு சிலிண்டரிலிருந்தோ, எத்தனாலை எத்திலீனாக மாற்றும் சிறு கருவியிலிருந்தோ வாயுவை விடுவார்கள். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு பத்து லட்சம் பங்கில் 100 பங்கு. அதாவது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஒரு லிட்டர் அளவு. ஒரு நாள், சற்றுக் கூடினால் இரண்டு நாள், அந்த வாயுவில் காய் இருக்கும். அதற்குள் காயே சொந்தமாக எத்திலீன் சுரக்கத் தொடங்கிவிடும். வெளிவாயுவுக்கு வேலை முடிந்தது. பழுக்கும் காய் நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளிவிடும் என்பதால், அவ்வப்போது கதவைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழுப்பது மந்தப்படும். உள்ளே போகும் ஆளுக்கும் மூச்சுமுட்டும். நாலைந்து நாளில் பழம் ஒரே சீராகக் கனிந்து கடைக்கு வரும்.

வெடிமருந்துக் கலவையையே தொழிலாகக் கொண்ட ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: எத்திலீன் தீப்பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் அதற்குக் காற்றில் 2.7 விழுக்காடாவது எத்திலீன் இருக்க வேண்டும். சேம்பரில் இருப்பது 0.01 விழுக்காடு. சிலிண்டரையும் வால்வையும் கவனமாகக் கையாள வேண்டும் என்பது உண்மை. அறைக்குள் இருக்கும் காற்று தானாக வெடிக்கும் என்ற அச்சம் வேண்டாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இந்த 100 பங்கு அளவு வரை எத்திலீன் வாயுவை அனுமதித்தது. கூடவே ஒரு கோட்டையும் கிழித்தது: பழத்தின்மேல் எந்தப் பொடியோ திரவமோ நேரடியாகப் படக்கூடாது. எத்திபான் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து அதில் காயை முக்கி எடுப்பதும் தெளிப்பதும் தவறு. எத்திபான் பொடியைச் சிறு பையில் அடைத்து, பழத்தில் படாதபடி வைத்து, அதிலிருந்து வரும் வாயுவை மட்டும் பயன்படுத்தலாம். ஆகவே சேம்பர் இல்லாத சிறு வியாபாரிக்கும் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழி இருக்கிறது.

இப்போது அந்தத் தவறான எண்ணத்தை நேராகப் பார்ப்போம். ‘செயற்கையாகப் பழுக்க வைத்தது என்றாலே விஷம்’ என்று நாம் நினைக்கிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் கிடையாது. கைப்பேசியில் வரும் வீடியோக்களும் கல்லையும் வாயுவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் சேம்பரில் விடும் எத்திலீன், பாட்டியின் அரிசிப் பானைக்குள் மாங்காய் தானே விட்ட அதே எத்திலீன். அணுவுக்கு அணு ஒன்று. வித்தியாசம் அளவைக் கணக்கிட்டு விடுவதில் மட்டும் இருக்கிறது. கார்பைடு விடுவது வேறு வாயு. அது கூட்டிவரும் நச்சும் வேறு. இரண்டையும் ‘செயற்கை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதில்தான் குழப்பம் பிறந்தது.

‘ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் கல் வைத்தது’ என்று அடையாளம் சொல்வார்கள். சேம்பரில் நன்றாகப் பழுத்த பழமும் ஒரே சீராகத்தான் இருக்கும். வாயு எல்லாக் காய்க்கும் சமமாகப் போய்ச் சேர்வதன் பலன் அது. பஞ்சவர்ணம் போன்ற சில ரகங்கள் நன்றாகப் பழுத்தும் பல நிறத்தில் நிற்கும். நிறத்தை நம்புவதைவிட மூக்கை நம்பலாம். காம்புப் பக்கம் முகர்ந்தால் மணம் வரவேண்டும். அழுத்தினால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல மென்மை தெரியவேண்டும். தோல் பழுத்து உள்ளே கல்லாக இருந்தால், ஒன்று கார்பைடு, இல்லையேல் இளங்காய். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இந்தக் குழப்பத்தால் யாருக்கு நஷ்டம்? நமக்கு என்று உடனே சொல்லிவிடுவோம். நம்மைவிட அதிகமாக அடிபடுவது ஒழுங்காக வியாபாரம் செய்பவர். ஒருவர் வங்கிக் கடன் வாங்கி சேம்பர் கட்டுகிறார், மின்கட்டணம் கட்டுகிறார், நாலைந்து நாள் சரக்கை உள்ளே வைத்துக் காத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் சில ரூபாய்க் கல்லைச் செருகி இரண்டு நாளில் விற்றுவிடுகிறார். நாம் போய் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். முதலாமவர் உண்மையைச் சொல்லி, ‘எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்தது’ என்றால், ‘அய்யோ, மருந்தா?’ என்று பையை மடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ‘மரத்தில் பழுத்தது’ என்று பொய் சொன்னவரிடம் வாங்குகிறோம். நல்லது செய்தவர் அதை வெளியில் சொல்ல முடியாத நிலைமையை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். எந்தத் தொழிலிலும் ஒழுங்காக நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த ஒழுங்கு எத்தனை பருவம் தாங்கும்?

கல் வைப்பவர் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. அவர் கையில் கல் எப்படி வந்தது என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவோம். தோட்டக்காரர் பல சமயம் பூப் பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். அவருக்கு முன்பணம் தேவை. குத்தகைக்காரர் போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்கவேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் வரத்து குறைவு, விலை அதிகம். எனவே காய் முற்றும்வரை காத்திருக்காமல் பறிக்கிறார். கமிஷன் மண்டிக்காரருக்குச் சரக்கு கைமாறினால் கமிஷன். பழுத்ததா இல்லையா என்பது அவர் கணக்கில் வராது. கடைசியில் இளங்காய் சில்லறை வியாபாரியின் கிட்டங்கிக்கு வருகிறது. அது தானாகப் பழுக்காது என்று முன்னரே பார்த்தோம். நல்ல எத்திலீனே விட்டாலும் ருசியாகாது. கல்லைச் செருகித் தோலையாவது மஞ்சளாக்கி விற்றால்தான் அவர் போட்ட முதல் வரும். சோதனை வரும்போது உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கூடை கூடையாகப் பழத்தை அழிப்பது இவருடைய கடையில். காயை முற்றாமல் பறித்த கையும் பறிக்கச் சொன்ன வாயும் அங்கே இருப்பதில்லை.

பொறுப்பு இப்படிக் கைமாறிக் கைமாறிக் கீழே இறங்குவதை நம் மாவட்டம் இதைவிடக் கொடிய வடிவத்தில் பார்த்திருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் அங்கே வேலை நடத்தியது பிறகு வெளிவந்தது. மாம்பழத்தை அந்தத் துயரத்தோடு ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஆனால் ஒருவர் பெயர், இன்னொருவர் முதல், மூன்றாமவர் உழைப்பு என்று வேலை துண்டுபடும் இடத்தில் பாதுகாப்புக்கு எவரும் முழுதாகப் பதில் சொல்வதில்லை என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெரிய நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பு என்று தனிச்சட்டமே இருக்கிறதே, அது இங்கே உதவாதா? அதையும் பார்த்துவிடுவோம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுவரவோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக் கட்டடம், குடிநீர், மருத்துவ முகாம் என்று ‘சி.எஸ்.ஆர். நிதி’ பலகையோடு நாம் பார்ப்பவை இதில் வந்தவை. நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு வரையறை இருக்கிறது: நிறுவனம் தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் எந்தச் செலவும் இந்த 2 விழுக்காட்டில் சேராது. பழம் விற்கும் ஒரு பெரிய நிறுவனம் சேம்பர் கட்டினாலும், முற்றிய காயைத்தான் வாங்குவேன் என்று விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும், அதை ‘சி.எஸ்.ஆர்.’ என்று எழுத முடியாது. அது சரியான விதி; இல்லாவிட்டால் சொந்தச் செலவையெல்லாம் தருமக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதன் பொருளை மட்டும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். லாபம் வந்தபிறகு என்ன செய்தாய் என்று அந்தச் சட்டம் கேட்கிறது. அந்த லாபம் எப்படி வந்தது என்று கேட்பது அதன் வேலை இல்லை. ராஜபாளையம் குத்தகைக்காரரும் மண்டிக்காரரும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதும் அபூர்வம்.

சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்து வியாபாரிகளிடம் மகமை இருந்தது. விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறை என்ற சமூக அமைப்புக்கு ஒதுக்கும் தொகை. அதிலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும் பள்ளிகள் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்தது. மகமையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஆண்டு முடிந்து லாபக் கணக்கு பார்த்தபின் கொடுப்பது அன்று அது. ஒவ்வொரு மூட்டை கைமாறும்போதும், அந்த இடத்திலேயே, அந்த மூட்டையோடு சேர்ந்து வருவது. பழ வியாபாரத்தில் வேண்டிய பொறுப்பும் அதேபோல ஒவ்வொரு டிரேயோடும் ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.

இது நடக்காத காரியமா? வெளிநாட்டுக்குப் போகும் பழத்துக்கு ஏற்கனவே நடக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் நம் நாட்டுத் திராட்சைக்கு 2006இலேயே ‘கிரேப்நெட்’ என்ற பதிவுமுறையை மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபெடா கொண்டுவந்தது. தோட்டம் பதிவாகியிருக்கும், பூச்சிமருந்து மிச்சம் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படும், பெட்டியைப் பார்த்தால் எந்தத் தோட்டம் என்று பின்னோக்கிப் போய்ச் சேரலாம். அங்குள்ள பெரிய கடைத்தொடர்கள் 1997இல் தொடங்கிய, இன்று ‘குளோபல்கேப்’ என்று வழங்கும் தரமுறையும் அப்படித் தோட்டத்திலிருந்தே கேள்வி கேட்கிறது: என்ன மருந்து அடித்தாய், வேலையாட்களுக்குக் கைகழுவ இடம் இருக்கிறதா என்பது வரை. அயல்நாட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகும் பழத்துக்கு இத்தனை விசாரிப்பு. நம் வீட்டுக்கு வரும் சப்பட்டைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இது எனக்கு வருத்தமான விஷயம். நம் பிள்ளைகளின் வயிறு குறைந்த வயிறா?

இங்குள்ள பெரிய நிறுவனங்களும் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் நடத்தை பற்றி விரிவான அறிக்கை தரவேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருக்கிறது. காய்கறி, பழம் விற்கும் கடைத்தொடர்களை நடத்தும் சில குழுமங்களும் இதில் அடங்கும். அந்த அறிக்கையில் மரம் நட்ட கணக்கைவிட, வாங்கிய மாம்பழத்தில் எவ்வளவு சேம்பரில் பழுத்தது, எவ்வளவு முற்றியபின் பறித்தது என்ற கணக்கைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

சிறு வியாபாரி தனியாகச் சேம்பர் கட்டுவது சுமைதான். ஆனால் தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் திட்டங்களில், பழுக்கவைக்கும் அறைக்கு வங்கிக் கடனோடு இணைந்த 35 விழுக்காடு மானியம் உண்டு. மண்டி வியாபாரிகள் சேர்ந்து ஒரு பொது அறை கட்டி, டிரேக்கு இவ்வளவு என்று வாடகை வைத்தால் செலவு பிரிந்துவிடும். மாம்பழப் பருவம் போனபின் வாழைத்தாருக்கு அதே அறையை இன்னும் சற்றுக் குளிர்ச்சியாக வைத்து ஆண்டு முழுக்க ஓட்டலாம். மூட்டைக்கு மகமை எடுத்துப் பொதுக்காரியம் செய்து பழகிய ஊர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

அடுத்தது அந்தத் துண்டுச் சீட்டு. பட்டாசுப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். யார் செய்தது, எந்த ஊர் என்று அச்சிட்டிருக்கும். மாம்பழ டிரேயிலும் ஒரு சீட்டு ஒட்டலாம். தோப்பு எந்த ஊர், காய் எந்தத் தேதியில் பறித்தது, எந்த அறையில் பழுத்தது, வாயு எந்தத் தேதியில் விட்டது. நான்கு வரி போதும். நாடு முழுவதற்கும் லேபிள் அடித்துக் கொடுக்கும் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சீட்டு இருந்தால் கடைக்காரர் ‘எத்திலீனில் பழுத்தது’ என்று தைரியமாகச் சொல்லலாம்; நாமும் வாங்கலாம். தவறு கண்டால், உணவுப் பாதுகாப்பு அலுவலர் தள்ளுவண்டியோடு நின்றுவிடாமல் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டிக்கும், அங்கிருந்து தோப்புக்கும் போகலாம்.